ஆசிரியைக்குப் போன மூட்டை

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் முதுகு நிமிராது. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்று கோயிலில் சொன்னதும் தெற்கு லூசியானா முழுக்க கிராஃபிஷ் கேட்க ஆரம்பித்துவிடும். நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டினால் தானாகப் பெருகுகிற பிராணி அது. இறாலுக்குத் தம்பி, நண்டுக்கு மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கம்பிக்கூடு வைத்துப் பிடித்து, வலைமூட்டையில் கட்டி என் ஷெட்டுக்குக் கொண்டுவருவார்கள். நான் எடை போட்டு, நனைத்த கோணியால் மூடி, குளிர் லாரியில் ஏற்றிவிடுவேன். முப்பது வருஷமாக அதுதான் வேலை.

என் பெயர் கிளோவிஸ். டெல்டனும் நானும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள். அவன் மகள் ரெனெலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தொட்டிக்கரையில் அவளை ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான். எங்கள் பேச்சில் அதற்குப் பரேன் என்று பெயர். இருபத்தாறு வயதாகியும் அவள் வாயில் நான் பரேன்தான்.

ஷெட்டைத் திறப்பதற்கு முன்னால் டெல்டன் வயல்கரையில் நின்று ஒரு காப்பி குடிப்பது என் பழக்கம். அன்றைக்கு மார்ச் மாதத்து மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அவர்கள் படகு தட்டையான தகரப் படகு. பின்னால் ஒரு இரும்புச் சக்கரம் சேற்றில் ஊன்றி அதைத் தள்ளும். படகு நிற்கவே நிற்காது. ஒரு கையால் கூட்டைத் தூக்க வேண்டும், மேசையில் கொட்ட வேண்டும், புது இரை போட வேண்டும், அடுத்த கூடு வருவதற்குள் இதைத் தண்ணீரில் ஊன்ற வேண்டும். ரெனெல் அதைச் செய்துகொண்டிருந்தாள். டெல்டன் அவளுக்கு எதிரே கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி, கையிலிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தது. டிரிப்... டிரிப்டோ..."

"டிரிப்டோஃபேன்."

"அதுக்கு ரெண்டு வளையம் இருக்கணுமாம். இருக்கா?"

"இருக்குப்பா. நீங்க பேரு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் சொல்றேன்."

"லூசின். ஐசோலூசின். இது என்ன, அண்ணன் தம்பியா?"

"கிட்டத்தட்ட."

"இருவது பேரு வெச்சிருக்கானுவ பாரு. நம்ம வீட்டு நாய்க்கே நாம இன்னும் பேரு வெக்கல."

படகு கரையோரம் வந்ததும் ரெனெல் என்னைப் பார்த்தாள். "பரேன், இவர எறக்கி விடுங்க. அரை மணி நேரமா ஒரே அட்டையிலதான் நிக்கிறாரு."

"நீ படி தாயி. அவன் படிச்சதுல மூணாங்கிளாஸ் புக்குக்கு அப்புறம் இதான்" என்றேன். டெல்டன் ஒரு செத்த மீன்துண்டை என்மேல் எறிந்தான்.

அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரெனெலுக்கு டாக்டர் ஆக வேண்டும். ஏழு வயதில் சொன்னாள், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாள். நாலு வருஷ டிகிரியை முடித்து, அந்த மார்க்கையெல்லாம் தட்டில் வைத்து நீட்டினால்தான் மருத்துவக் கல்லூரி கதவைத் திறக்கும். இவள் நீட்டிய தட்டில் ஒன்றும் உருப்படியாக இல்லை. முதல் வருஷம் நன்றாகத்தான் போனாள். இரண்டாம் வருஷம் ஒரு பருவம் முழுக்க விழுந்தாள். அப்புறம் எழுந்தாலும் தட்டில் பள்ளம் பள்ளம்தான். டிகிரி முடிந்து மூன்று வருஷம் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். போன வருஷம் மறுபடி கல்லூரி வாசலில் போய் நின்றாள். அங்கே ஆலோசனை சொல்கிற அம்மாள் கணக்காகச் சொல்லிவிட்டாள்: பழைய மார்க் அழியாது, ஆனால் நம் மாநிலத்து மருத்துவக் கல்லூரி ஒன்று கடைசியாகப் படித்த ஆறு அறிவியல் பாடத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கும், ஆறிலும் 'ஏ' இருந்தால் கூப்பிட்டுப் பேசுவார்கள், ஒன்று குறைந்தாலும் விண்ணப்பத்தைப் புரட்டமாட்டார்கள். ஐந்தில் 'ஏ' வாங்கிவிட்டாள். மிச்சம் இருந்தது உயிர்வேதியியல். அதற்குத்தான் படகில் இருபது அமினோ அமிலத்தின் பெயரோடு அந்த அட்டைப் பூசை.

காலையில் கூடு, பத்து மணிக்கு நாற்பது மைல் ஓட்டிப் போய் வகுப்பு, சாயங்காலம் சமையலறை மேசையில் புத்தகம். அம்மா வெர்னிஸ் புத்தகத்துக்கு அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்குவாள். "கண்ணு எரியுதும்மா" என்றால், "அழுதுகிட்டே படி, ஒட்டும்" என்பாள். எனக்கு அந்த வீட்டில் உட்காரப் பிடிக்கும். சந்தோஷமான வீடு அது. சத்தம் அதிகம், அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கூடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வேண்டியவர்களுக்கு உயிரோடு ஒரு மூட்டை போகும். சாமியாருக்கு ஒன்று, மாட்டு டாக்டருக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று, பிள்ளைக்குப் பாடம் சொன்ன டீச்சருக்கு ஒன்று. கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். வாசலில் நிழலான இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். யாருக்காவது வைக்காமல் விட்டால்தான் ஊரில் பேச்சு வரும்.

டெல்டன் அந்த வருஷம் பதினோரு மூட்டை கட்டினான். பதினொன்றாவது யாருக்கு என்று வெர்னிஸ் கேட்டாள்.

"ரெனெலோட டீச்சரம்மாவுக்கு."

"காலேஜு டீச்சருக்கா? அதெல்லாம் அங்க பழக்கம் இருக்குமாங்க?"

"டீச்சர்னா டீச்சர்தான். இவ மூணாவது படிக்கும்போது அந்த மிஸ்ஸுக்கு வெக்கல?"

"அந்த மிஸ் நம்ம தெரு. இந்தம்மா எந்த ஊரோ."

"எந்த ஊரா இருந்தாலும் வெள்ளிக்கெழம பசிக்கும்ல?"

ரெனெல் அப்போது வீட்டில் இல்லை. இருந்திருந்தால் மூட்டையின்மேல் படுத்தாவது தடுத்திருப்பாள். அவள் ஆசிரியை டாக்டர் ஹூக்ஸ்ட்ரா மிச்சிகனிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதும், இறைச்சி மீன் எதையும் தொடாதவர் என்பதும் எங்களுக்குத் தெரியாது. டெல்டன் ஒரு அட்டைத்துண்டைக் கிழித்து, தன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் ஒரு சீட்டும் எழுதிச் செருகினான். என்னிடம் காட்டிப் படித்தான், நானும் நல்லா இருக்கு என்று தலையாட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. சீட்டில் இருந்தது இதுதான்: 'ரெனெலை நல்லா கவனிச்சுக்கிறதுக்கு. இன்னும் வேணும்னா சொல்லி அனுப்புங்க. பரீட்சை முடியிற வரைக்கும் எங்ககிட்ட சீசன் இருக்கு.'

மூட்டையைக் கொண்டுபோய் கல்லூரியில், மூன்றாவது மாடியில், அந்த அம்மாளின் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தான். புதன்கிழமை மத்தியானம். அறைக்குள் ஆள் இல்லை.

மறுநாள் மூன்று மணி இருக்கும். நான் ஷெட்டில் தராசைக் கழுவிக்கொண்டிருந்தேன். ரெனெலின் கார் வந்து நின்றது. வீட்டுக்குப் போகாமல் என்னிடம் வருகிறாள் என்றால் விஷயம் பெரிது. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் செய்துகொண்டிருந்தாள்.

"பரேன், அப்பா கட்டின கட்டு அவுந்துபோச்சு."

"எந்தக் கட்டு?"

"மூட்டை! மூணாவது மாடி பூரா கிராஃபிஷ். ஒண்ணு லிஃப்டுக்குள்ள போயிருச்சு. ஒரு அம்மா நாற்காலிமேல ஏறி நின்னுகிட்டு போலீசக் கூப்பிடுங்கன்னு கத்தியிருக்காங்க. காவலாளி தூக்குவாளியோட முட்டி போட்டுப் பொறுக்கியிருக்காரு."

நான் சிரித்துவிட்டேன். என்ன செய்வது, சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. சீட்ட எடுத்துட்டாங்க." அவள் கைப்பேசியில் இருந்த கடிதத்தைப் படித்தாள். மார்க் போடுகிறவருக்குப் பரீட்சைக்கு முன்னால் பொருள் கொடுத்து ஆதாயம் தேட முயன்றது. நேர்மை விசாரணைக் குழு. வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் காலை பத்து மணி. குற்றம் என்று முடிவானால் அந்தப் பாடத்தில் 'எஃப்'.

"எஃப்னா...?"

"அஞ்சு ஏவும் வீண். அதோட நேர்மைத் தப்புன்னு என் பதிவுல ஏறிரும். அந்த ஒரு வரி போதும் பரேன், எந்தக் காலேஜும் என்னைத் திரும்பிப் பாக்காது. ஒரு மூட்டையால எல்லாம் முடிஞ்சுது."

தராசை அப்படியே விட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் கையை என் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் தலையில் வைத்தேன்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததைச் சொன்னால் சண்டை மாதிரி இருக்கும். வெர்னிஸ் கரண்டியை டெல்டன் பக்கமே நீட்டிப் பேசினாள்.

"நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். எந்த ஊரோன்னு சொன்னேனா இல்லையா?"

"லஞ்சமா? நானா? பன்னெண்டு வருசமா சாமியாருக்கு வெக்கிறேன், எனக்கு மோட்சமா எழுதிக் குடுத்துட்டாரு?"

"குடுக்க மாட்டாரு, உங்க வாய்க்கு."

"நான் போயி அந்தம்மாகிட்ட நேர்ல சொல்றேன்."

"வேணாம்பா!" என்று ரெனெல் கத்தினாள். "நீங்க அந்தப் பக்கமே வரவேண்டாம். இனிமே ஒண்ணும் குடுக்காதீங்க, ஒண்ணும் எழுதாதீங்க, ஒரு பூவக்கூட கொண்டுபோகாதீங்க."

டெல்டன் முகம் சுருங்கிவிட்டது. தட்டில் சோறும் கிராஃபிஷ் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. "நன்றிக்குத்தான் வெச்சேன்" என்று மட்டும் சொன்னான். ரெனெல் எழுந்து போய் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "தெரியும்பா. சாப்பிடுங்க."

ஆனால் மூட்டை கொடுத்தவரும் வர வேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. வழக்கத்தைச் சொல்ல வெளியாள் ஒருவரையும் கூட்டிவரலாம் என்றார்கள். அப்படித்தான் நானும், துக்கவீட்டுக்கு மட்டும் போடுகிற கருப்புக் கோட்டோடு, அந்தச் செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போனேன். டெல்டன் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். வெர்னிஸ் கட்டிவிட்டது. அவன் மூச்சு விடச் சிரமப்பட்டதற்கு அந்தக் கட்டு மட்டும் காரணம் இல்லை.

நீளமான மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் வழுக்கைத் தலைக்காரர். ஓரத்தில் டாக்டர் ஹூக்ஸ்ட்ரா. நான் நினைத்ததுபோல் கடுகடுப்பான ஆள் இல்லை. ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்ணோடு, எங்களைவிட அதிகமாகப் பயந்தவர்போல இருந்தார்.

டெல்டன் எழுந்து நின்று பேசினான். பதினோரு பேர் பெயரையும் வரிசையாகச் சொன்னான். தலைமுடி வெட்டுகிற அம்மாள் பெயரைச் சொல்லும்போது தலைவர் சிரிப்பை மறைக்க வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று டெல்டன் அவரையே கேட்டான்.

"அது இங்க கேள்வி இல்ல" என்றவர், குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்கும் ரெண்டு மூட்டை வந்துச்சு" என்றார்.

என்னைக் கேட்டார்கள். வழக்கம் உண்டு என்றேன். அந்தச் சீட்டில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லையா என்றார்கள். "அன்னைக்குத் தெரியலங்க. இன்னைக்குக் கோட்டுப் போட்டுகிட்டுக் கேக்கும்போது தெரியுது" என்றேன்.

டாக்டர் ஹூக்ஸ்ட்ரா பேசினார். "நான் புகார் குடுக்கணும்னு குடுக்கல. மூட்டை அசையறதப் பாத்து பயந்துட்டேன். யாரோ மிரட்டறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் சீட்டப் படிச்சா இன்னும் பயமாயிருச்சு." ரெனெல் பக்கம் திரும்பினார். "உன்மேல எனக்குச் சந்தேகம் இல்லம்மா. என் வகுப்புலயே நீதான் நல்லா கேள்வி கேக்கிறவ. ஆனா உன் பேப்பர இனி நான் திருத்தினா, நீ எடுக்கிற 'ஏ' மேல ஊரே விரல் நீட்டும். அது உனக்குத்தான் கேடு."

தலைவர், இதற்கு முன் நேர்மைப் புகார் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும், முறை அது, என்று சொல்லி ரெனெலின் பழைய பதிவைப் புரட்டினார். "புகார் எதுவும் இல்ல. நல்லது. ஒரு பருவந்தான் ஒரு மாதிரி இருக்கு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, காலை எட்டு மணி வகுப்பு. முப்பத்தோரு நாள் வரல. டி. இயற்பியல் ஆய்வகம், அதுவும் காலை எட்டு. எஃப். அந்த ஒரு பருவந்தான். அப்ப என்னம்மா ஆச்சு?"

"கொஞ்சம் வேலை இருந்துச்சு சார்" என்றாள் ரெனெல். மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"எட்டு மணியா?" டெல்டன் குரல் மாறியிருந்தது. "காலைல எட்டா?"

"ஆமா."

"எந்த வருசங்க?"

தலைவர் வருஷத்தைச் சொன்னார். ஏழு வருஷத்துக்கு முந்தின வசந்தம்.

டெல்டன் உட்கார்ந்துவிட்டான். அந்த வசந்தத்தில் படகுச் சக்கரத்தில் சட்டை மாட்டி அவன் தோள்பட்டை நொறுங்கியது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை கட்டோடு கட்டிலில் கிடந்தான். வயலில் தண்ணீர் கட்டி, கூடு போட்டாகிவிட்டது. ரெனெல் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வகுப்பையெல்லாம் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன் என்று சொன்னாள். அதை அவர்கள் நம்பினார்கள். பருவ முடிவில் மார்க் வந்தபோது, அப்போது அவளோடு சுற்றிக்கொண்டிருந்த டிரம் வாசிக்கிற பையன்தான் காரணம் என்று டெல்டன் முடிவு கட்டினான். அவளும் மறுக்கவில்லை.

குழு வெளியே போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. குற்றம் இல்லை. ஆனால் ரெனெலின் கடைசிப் பரீட்சைப் பேப்பர், பேர் இல்லாமல் எண் மட்டும் போட்டு, வேறொரு பல்கலைக்கழகத்துக்குத் திருத்தப் போகும். அவர்கள் போடுகிற மார்க்தான் மார்க். ரெனெல் மூன்று தரம் நன்றி சொன்னாள். டெல்டன் ஒரு தரமும் சொல்லவில்லை. அவன் காதில் எதுவும் விழவில்லை.

ரெனெல் வகுப்புக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் என் வண்டியில் திரும்பினோம். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வயல், கொக்கு, தூரத்தில் யாரோ கூடு எடுக்கிறார்கள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?" என்று பாதி வழியில் கேட்டான்.

பொய் சொல்ல வாய் வந்தது. விட்டுவிட்டேன். "தெனமும் ஏழே முக்காலுக்கு என் ஷெட்டுல மூட்டை எறக்குவா. காலேஜு நாப்பது மைலு. கணக்குத் தெரியாதா எனக்கு?"

"ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லாதீங்கன்னா. சொல்லியிருந்தா நீ கட்டோட எழும்பிப் படகுல ஏறியிருப்ப."

"ஏறியிருப்பேன்தான்."

"ஏறி, இன்னொரு தோளையும் ஒடச்சிருப்ப."

அவன் கழுத்துப்பட்டையை இழுத்து அவிழ்த்துச் சன்னல் பக்கம் போட்டான். "ஏழு வருசம் கிளோவிஸ். என் புள்ள சோம்பேறியாயிட்டான்னு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்க அக்காகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். ரெனெல் பக்கத்துலயே உக்காந்து கேட்டுகிட்டிருந்தா." அவன் அழுதான். டெல்டன் அழுது நான் பார்த்தது அவன் அம்மா செத்தபோதுதான். நான் வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு வருஷம் இவன் அவளைக் கேலி பேசியிருக்கமாட்டானே என்று எனக்கு இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மூக்கைச் சிந்தினான். "அந்த டிரம் பயலு பாவம்டா. அவன் கல்யாணத்துக்குக்கூட நான் போகல."

"உன்னைக் கூப்பிடவே இல்லையே."

"கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டேன். அதத்தான் சொல்றேன்."

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் டெல்டன் பழசைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ரெனெலும் எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாளைலருந்து நீ படகுல ஏறாத" என்றான்.

"என்னப்பா இது, சீசன் உச்சத்துல? உங்க தோளு ஒத்தையா தாங்காது."

"கிளோவிஸ் வரான்."

"பரேனா?" அவள் என் வயிற்றைப் பார்த்தாள். "அவரு குனிஞ்சு கூடு எடுத்து நான் பாத்ததே இல்ல."

"பாக்கத்தான் போற" என்றேன். என்னிடம் இவன் கேட்கவே இல்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். ஏழு வருஷம் மூடிய வாய்க்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

வெர்னிஸ் சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மூணு வாரம் ஷெட்ட நான் பாத்துக்கிறேன். தராசு பாக்கத் தெரியாதா எனக்கு? இவர விட நேர்மையாவே பாப்பேன்."

அந்த மூன்று வாரம் என் வாழ்நாளில் மறக்காது. ஐம்பத்தெட்டு வயதில் ஓடுகிற படகில் விழாமல் நிற்கப் பழகினேன். டெல்டன் நல்ல கையால் கூட்டைத் தூக்குவான், நான் கொட்டி, பொடிசை அள்ளித் தண்ணீரில் விட்டு, இரை போட்டு நீட்டுவேன். அதற்குள் படகு அடுத்த கூட்டைத் தாண்டிவிடும். "ஏய், ஏய்!" என்று அவன் கத்துவான். திரும்பி வருவோம். சாமியார் ஒரு நாள் சாலையில் வண்டியை நிறுத்தி எங்களைப் பார்த்து மனதாரச் சிரித்துவிட்டுப் போனார். கிராஃபிஷ் கடித்து என் பத்து விரலிலும் கட்டு. முதுகுக்கு வெர்னிஸ் தைலம் கொடுத்துவிட்டாள். சூடு ஏறிய மே மாதத்து வெயில், சேற்று வாசனை, இரை மீன் நாற்றம். நடு வயலில் நின்று தொட்டுக்க எதுவும் இல்லாமல் அரிசி திணித்த சாசேஜைத் தின்போம். உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது. ரெனெல் அதே நேரத்தில் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து படிப்பது வயலிலிருந்தே தெரியும். ஒவ்வொரு சுற்று வரும்போதும் டெல்டன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான்.

பரீட்சை முடிந்தது. எப்படி எழுதினாய் என்று யாரும் கேட்கவில்லை. வெர்னிஸ் கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். பத்து நாள் கழித்து, நாங்கள் கூடுகளைக் கரையேற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது ரெனெல் செருப்பில்லாமல் வரப்பில் ஓடிவந்தாள். கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏ!" என்று கத்தினாள். "எங்கேயோ இருக்கிற ஆளு, என் பேரே தெரியாம, ஏ போட்டிருக்காருப்பா!"

டெல்டன் கையிலிருந்த கூட்டைப் போட்டுவிட்டு, சேறும் பாசியுமாக அவளைக் கட்டிக்கொண்டான். அவள் சட்டை கெட்டது. நான் தண்ணீர்க் குழாயை நிறுத்த மறந்து நின்றேன்.

ஜூன் முதல் வாரம் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மார்க்கோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனபோது சமையலறை மேசையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பருவம் ஏன் விழுந்தாய் என்பதற்கு ஒரு பத்தி உண்டாம். ஆலோசனை அம்மாள் ஒரு வருஷமாகக் கேட்டும் ரெனெல் அதில் 'சொந்தக் காரணங்கள்' என்று இரண்டு சொல் மட்டும் எழுதி வைத்திருந்தாள்.

டெல்டன் காப்பிக் கோப்பையோடு எதிரே உட்கார்ந்தான். விசாரணைக்கு அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"எழுது."

"என்னத்தப்பா?"

"நடந்தத."

"வேணாம்பா. உங்க அடிய வெச்சு நான் காலேஜுல எடம் வாங்கின மாதிரி இருக்கும்."

"என் அடி என்னோடது. நான் குடுக்கிறேன், நீ எழுது." கோப்பையை நகர்த்தி வைத்தான். "அந்த டி, எஃப் எல்லாம் உன்னோடதுன்னு நெனச்சு ஏழு வருசம் பேசிட்டேன். எம் பேரப் போட்டு எழுதும்மா. டெல்டன் படுத்திருந்தான்னு எழுது."

ரெனெல் அவனைப் பார்த்தாள். வெர்னிஸ் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி நின்றாள். ரெனெல் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தாள். பிறகு மெல்லப் படித்துக் காட்டினாள். அப்பாவுக்குத் தோள் ஒடிந்த வசந்தத்தில் வீட்டில் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை என்றும், காலை நாலரைக்குப் படகில் ஏறி, ஏழரை மணிக்குள் ஐந்நூறு கூடுகளை எடுத்து...

"நில்லு" என்றான் டெல்டன்.

"என்னப்பா?"

"எண்ணூத்தி இருவது."

"சும்மா ஒரு கணக்குக்குத்தானே..."

"எண்ணூத்தி இருவது கூடு. அத்தனையும் நானே ஊனுனது, எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழமையும் சேத்துப் போடு." மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "கொறச்சி எழுதாத."